சிங்க்கில் போன கஞ்சி

எங்கள் வீட்டில் சிங்க் அடைத்துக்கொண்டால் பழி என் தலையில்தான் விழும். மீன் செதிலைத் தள்ளினாயா, ஆட்டுக்கறி எண்ணெயை ஊற்றினாயா, தேங்காய்ச் சக்கையை விட்டாயா என்று என் வீட்டுக்காரர் போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார். அவர் சாப்பிட்ட தட்டு மட்டும் வேறு எங்கோ கழுவப்படுவதாக அவருக்கு நினைப்பு. அதனால் அன்று இரவு வேலை முடிந்து வந்து சமையலறை விளக்கைப் போட்டதும், சிங்க் நிறைந்து வழிந்து தரையெல்லாம் தண்ணீர் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். விசாரிக்கிற ஆள் ஊரில் இல்லை என்பது ஒன்றே ஆறுதல். அவர் லாரி ஓட்டுகிறவர். ஜொகூருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

சிலிபினில் இருக்கும் எங்கள் வீடு பழைய வரிசை வீடு. சமையலறை கூடத்தைவிட ஒரு படி தாழ்ந்தது. அந்த ஒரு படிதான் அன்று கூடத்தையும் அப்பாவின் அறையையும் காப்பாற்றியது. அரிசிச் சாக்கின் அடிப்பாகம் ஊறிவிட்டிருந்தது. வெங்காயக் கூடையைத் தூக்கினால் சொட்டச் சொட்டத் தண்ணீர். மத்தியானம் போய் நடுச்சாமத்தில் திரும்புகிற தொழிற்சாலை ஷிப்ட் எனக்கு. நின்று நின்று கால் இரண்டும் வீங்கிப்போய் வந்திருந்தேன். வந்ததும் படுக்கலாம் என்றிருந்தவளுக்கு இது வேறு.

அப்பாவின் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை நட்டதும் தோட்டத்தைவிட்டு வெளியே வந்து, லகாட் பக்கம் ஒரு பலகை ஆலையில் வேலை செய்தார். அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவுக்குத் திரும்பிவிட்டன. தொண்டை திரும்பவில்லை. எதை விழுங்கினாலும் அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடுகிற ஆபத்து இருந்தது. அதனால் எல்லாவற்றையும் கூழாக அரைத்து, ஒரு மாவைக் கலந்து, கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். போகும்போதெல்லாம் எடை பார்ப்பார்கள். எடை இப்படியே இறங்கிக்கொண்டு போனால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டுத்தான் பால் ஊற்றவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தக் குழாயை அப்பா ஏற்கெனவே பார்த்திருக்கிறார். ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் இருந்த அவருடைய தம்பி, என் சித்தப்பா, கடைசி நாட்களில் குழாயோடுதான் கிடந்தார். அவர் அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டதால் கட்டில் கம்பியோடு கைகளைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள்.  தனக்கும் அதே பேச்சு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்ன கும்புட்டுக் கேக்குறேன் பாப்பா, அந்தக் கொழா மட்டும் எனக்கு வேணாம்" என்றார். என் வயது ஐம்பதை நெருங்குகிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"நீங்க ஒழுங்கா சாப்புடுங்கப்பா. எட ஏறுனா கொழாப் பேச்சே வராது" என்றேன். அதிலிருந்து என் உயிர் அந்தக் கஞ்சியில்தான் இருந்தது. வேலைக்குக் கிளம்புமுன் அரிசியைக் குழைய வேகவைப்பேன். ஒருநாள் பூசணிக்காய், ஒருநாள் கேரட், ஒருநாள் முட்டை. நோயாளிக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வதால், விலையைப் பார்க்காமல் குராவ் மீன் வாங்கி முள் எடுத்து மசித்துப் போடுவேன். பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் பிளாஸ்க் காலியாக, கிண்ணமும் கரண்டியும் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும். பக்கவாதம் வந்த மனுஷர் தன் கிண்ணத்தைத் தானே கழுவுகிறாரே என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். கடைசியாகப் போனபோது எடை கொஞ்சம் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பிள்ளை பாஸானது மாதிரி கத்தினேன்.

சரி, சிங்க்குக்கு வருகிறேன். ரப்பர்க் கிண்ணம் வைத்த கம்பை எடுத்துக் குத்து குத்தென்று குத்தினேன். தண்ணீர் மேலே எழும்பி என் சட்டையை நனைத்ததே தவிர ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தேன். பாதியில் வளைந்துகொண்டது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். அதுவும் அங்கேயே நின்றது. வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் எங்கோ நெடுஞ்சாலை ஓரத்தில் லாரியை நிறுத்தித் தூங்கிக்கொண்டிருந்தவர்.

"என்னாத்த ஊத்துன?" என்றார். பார்த்தீர்களா, முதல் கேள்வியே அதுதான்.

"நான் வேலைக்குல்ல போயிருந்தேன்! நானா வந்து ஊத்துனேன்? என்னா செய்யிறதுன்னு மட்டும் சொல்லுங்க."

"அடியில கப்பு மாதிரி ஒன்னு இருக்கும்லா. அத திருகிக் கழட்டு. கீழ பால்டி வச்சிக்க. இல்லாட்டி வுட்டுடு, நாளைக்கி சாயங்காலம் நான் வந்து பாக்குறேன்."

விட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம். ஆனால் விடிந்ததும் அப்பாவுக்குக் கஞ்சி வைக்க வேண்டும், வெறும் வயிற்றோடு அவரைக் கூட்டிப்போக முடியாது என்ற நினைப்பு. சிலுவாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் மண்டி போட்டேன். வாளியை அடியில் தள்ளி, அந்தக் கப்பைத் திருகினேன். வருஷக்கணக்கில் யாரும் தொடாதது, லேசில் அசையவில்லை. ஈரத் துணியைச் சுற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினதில் சட்டென்று கழன்று, உள்ளே இருந்ததெல்லாம் என் கைமேல் கொட்டியது.

எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், முடி இருக்கும் என்றுதான் நினைத்தேன். இருந்தது சோறு. வெள்ளையாக, கொழகொழவென்று, பசை மாதிரி திரண்ட சோறு. குழாய்க்குள் விரலை விட்டு இழுத்தால் வந்துகொண்டே இருந்தது. டாக்டர் கொடுத்த மாவு சேர்ந்ததால் அது கரையாமல் அப்படியே இறுகிப்போயிருந்தது. மேலே வந்தது வெள்ளை. அதற்குப் பின்னால் மஞ்சள், அது பூசணிக்காய். அதற்கும் பின்னால் கேரட்டின் சிவப்பு. நான் முள் எடுத்த மீனின் நார்கூட எனக்கு அடையாளம் தெரிந்தது. புளித்த நாற்றத்துக்கு மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டேன். இது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. பல நாட்களாக நான் சமைத்து வைத்ததில் பெரும்பங்கு அப்பாவின் வயிற்றுக்குப் போகவில்லை.

இத்தனை நாளும் உனக்குத் தெரியாதா என்று யாரும் கேட்கலாம். தெரியாது. அப்பா சாப்பிடுவதை நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. வேலைக்குப் போகிற நாளில்தான் என்றில்லை, லீவு நாளிலும் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், அவருக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாய்க்கும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வாய் போயிருக்கும். புரையேறி, மூச்சு முட்டி, முகம் கறுத்துப்போய்விட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த பின்வீட்டு அக்கா முதுகைத் தட்டிவிட்டு என்னைத்தான் திட்டினார். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் கண்ணேறு விஷயத்தில் எங்களுக்குள் மத வித்தியாசம் கிடையாது. "சாப்புடுற ஆள இப்படியா உத்துப் பாப்ப? பெத்த புள்ள கண்ணும் படும்லா" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் எடுத்து அப்பாவைச் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி வரவில்லை. கண் பட்டது உண்மைதான் என்று முடிவு செய்துவிட்டோம். அப்புறம் அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நாங்கள் கூடத்தில் இருப்போம். கரண்டிச் சத்தம் நின்று, தண்ணீர்ச் சத்தம் கேட்டால், சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று அர்த்தம். சாப்பிடும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கூடத்தில் இருப்பதே பக்கத்தில் இருப்பதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

கழற்றிய கப்போடு சிங்க்குக்கு அடியிலிருந்து நிமிர்ந்தபோது படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கைலியின் கீழ்ப்பாகம் முழுக்க ஈரம். தண்ணீர் வழிந்ததும் ஒரு கையால் துடைக்கப் பார்த்திருக்கிறார், முடியாமல் போய்ப் படுத்திருக்கிறார். தூங்கவே இல்லை.

"பாப்பா, நீ போய்ப் படு. காலைல நான் அள்ளிப் போடுறேன்" என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வார்த்தைகள் கொஞ்சம் குழறும்.

"என்னாப்பா இது?"

அவர் வாளியைப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளாத்தான்."

"அப்ப எட எப்படி ஏறுச்சு? போன தடவ ஏறுச்சே!"

அவர் அறைக்குப் போனார். திரும்பி வந்து கையை நீட்டினார். உள்ளங்கையில் ஈயக்குண்டுகள். லகாட்டில் வேலை செய்த காலத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைகளில் தூண்டில் போட அவர் வைத்திருந்தவை. ஒரு லீவு நாளையும் விடமாட்டார். லம்பாம் மீனும் கெளுத்தியும் பிடித்து வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அந்தக் குண்டுகளைச் சிலுவாரின் நாலு பைகளிலும் போட்டுக்கொண்டு தராசில் ஏறியிருக்கிறார்.

"தோட்டத்துல ஒட்டுப்பால் சாக்குல கல்லப் போட்டு நிறுப்போம்ல. கணக்கெழுதுற கெராணிக்கே தெரியாது. இந்த நர்சுக்கா தெரியப்போவுது?" என்று சொல்லி லேசாகச் சிரிக்கப் பார்த்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். நான் வீங்கின காலோடு நின்று சமைக்கிறேனே, அது உங்களுக்கு விளையாட்டா என்றேன். சாக வேண்டுமென்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே என்றேன். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, நான் முடிக்கும்வரை நின்றார்.

"முழுங்க முடியலலா பாப்பா" என்றார் பிறகு. "வாயில வச்சா உள்ள எறங்க மாட்டேங்குது. தண்ணிக்குள்ள முங்குற மாதிரி மூச்சு முட்டுது. தாஹான் பண்ண முடியல, தாங்கல. முடியலன்னு சொன்னா கொழா போட்டுடுவாங்க. குப்பையில கொட்டுனா ஒனக்குத் தெரிஞ்சிடும். மெனக்கெட்டு செஞ்சி வச்சிட்டுப் போற, ஒன் மனசு கஷ்டப்படும். அதான் சிங்க்குல ஊத்துனேன்."

நான் நம்பவில்லை. நம்ப எனக்கு விருப்பமில்லை என்பதுதான் நிஜம். பிளாஸ்க்கின் அடியில் ஒட்டியிருந்த கஞ்சியை ஒரு கரண்டி வழித்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, "எனக்கு முன்னால சாப்புடுங்க" என்றேன். கொஞ்சம்தான். பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கிற அளவு. அவர் மறுக்காமல் வாயில் வாங்கினார். தொண்டைக் குமிழ் மேலே ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. கண்களில் தண்ணீர் திரண்டது. கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டன. அவர் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, எனக்காகவே, அதை எப்படியாவது உள்ளே தள்ளப் பார்த்தார். பிறகு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கஞ்சி மூக்கு வழியாகவும் வந்தது. நான் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன். சட்டைக்குள் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. இத்தனை மெலிந்திருப்பதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று என்மேலேயே வெறுப்பு வந்தது.

இருமல் அடங்கியதும் முகத்தைத் துடைத்துவிட்டேன். இரண்டு பேரும் தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். அவர் மறுபடியும் அதையே கேட்டார், இந்த முறை கையெடுத்துக் கும்பிட்டு. "கொழா வேணாம் பாப்பா. இப்படியே இருந்துட்டுப் போறேன்."

இப்படியே என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரைத் திட்டினது போதும் என்று இருந்தது. கெஞ்ச வைத்ததும் போதும்.

"சரிப்பா. வேணாம். நாளைக்கி டாக்டர்கிட்ட நானே சொல்லிடுறேன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போனார். நான் குழாய்க்குள் இருந்ததையெல்லாம் தோண்டி எடுத்து, கப்பைக் கழுவித் திருகி மாட்டினேன். தண்ணீர் விட்டுப் பார்த்தேன், தாராளமாக இறங்கியது. தரையைத் துடைத்தேன். வாளியைப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டும்போதுதான் அழுகை வந்தது. அப்பாவைப் பட்டினியில் சாகவிட ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று தோன்றியது. இருட்டில் வாளியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

காலையில் நான் எழுந்தபோது அவர் குளித்து, சட்டை மாற்றி, தலை சீவித் திருநீறு பூசிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "போலாம்" என்றார். வண்டியில் வழிநெடுக, டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று நான் மனசுக்குள் மலாயில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தேன்.

தராசில் ஏறினார். நர்ஸ் எடையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். அவள் என்னைப் பார்த்து, எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்டாள். வழியெல்லாம் கோத்து வைத்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. 

அதற்குள் அப்பா, தன் குழறுகிற மலாயில், தன்னால் சாப்பிட முடியவில்லை என்றார். குழாயைப் போட்டுவிடுங்கள் என்றார். கையை மட்டும் கட்டவேண்டாம், தான் பிடுங்கமாட்டேன் என்று அவளிடம் கேட்டுக்கொண்டார்.

 வார்டில் கட்டில் கொடுத்து, திரை இழுத்துவிட்டுப் போனார்கள். நர்ஸ் குழாய் கொண்டுவருவதற்குள் அவர் பக்கத்தில் குனிந்தேன். "ஏம்ப்பா? நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்ல? இப்பக்கூட சொல்லிடுறேன், நீங்க பயப்படாதீங்க" என்றேன்.

"பயமாத்தான் இருக்கு" என்றார். பிறகு என் கன்னத்தைத் தொட்டார். "நேத்து சரின்னு சொன்னப்ப ஒன் மூஞ்சியப் பாத்தேன் பாப்பா. ஒங்கம்மா செத்த அன்னிக்கிகூட நீ அப்படி இல்ல."